கிருபையும் தராசும்

தேயிலைத் தோட்டத்துத் தமிழில் ‘பேர்’ என்னும் சொல்லுக்குத் தனிப் பொருள் ஒன்று உண்டு. ஒரு நாள் வேலைக்கு உரிய முழுச் சம்பளம் கணக்கில் பதியப்படுவதே பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவளுக்கு அரைப்பேர். பெற்றோர் அவளுக்கு இட்ட பெயர் எதுவாயினும் ஆகுக; தராசு சொல்லுவதே அன்றைக்கு அவள் பேர். மனிதரின் மதிப்பு அவர் செய்து முடித்த வேலையின் அளவே என்ற கொள்கையை இதனினும் சுருக்கமாக எந்தப் பொருளியல் நூலும் உரைத்துவிட இயலாது.

இக்கொள்கைக்கு நேர் எதிரான போதனை ஒன்றும் இதே மலைகளுக்கு வந்தது. கலஹாவை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867ஆம் ஆண்டில். அதற்கு முன்பே, கோப்பிக் காலத்தில், 1854இல், ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பெயரால் சர்ச் மிஷனரிச் சங்கத்தார் தோட்டங்களிற் பணியாற்றத் தொடங்கியிருந்தனர். தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாக வந்து சேர்ந்த மக்களிடையே தமிழ் உபதேசியார்கள் லயம் லயமாகச் சென்று போதித்தனர். அவர்கள் போதித்த சமயத்தின் மையக் கருத்து இது: மனிதன் மீட்படைவது தன் கிரியைகளால் அன்று, இறைவன் இலவசமாக அளிக்கும் கிருபையால்.

இது பழைய வழக்கு. ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்தீனும் பெலாகியுசும் இதன்மேல் மோதினர். மனிதன் தன் முயற்சியாலேயே நன்மையைத் தேர்ந்து நடக்கலாம் என்றார் பெலாகியுஸ்; அந்த முயற்சிக்கும் அருளே முதல் என்றார் அகஸ்தீன். 1517இல் மார்ட்டின் லூதர் கிளப்பிய புயலின் கருவும் இதுவே. நம் தமிழ் வைணவர்க்கும் இவ்வழக்குப் புதியதன்று. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா பக்தனுக்கு உவமை என்று வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டது இதைப்பற்றியே அன்றோ?

நாள் முழுதும் நிறுக்கப்படுபவளின் செவியில் இப்போதனை எவ்வாறு விழுந்திருக்கும்? விடிகாலையில் பெரட்டுக் களத்தில் எண்ணப்பட்டு, பகலில் கங்காணியின் கண்ணால் அளக்கப்பட்டு, மாலையில் தராசில் நிறுக்கப்பட்டவளிடம், ‘உன்னை நிறுக்காமலே ஏற்றுக்கொள்ளும் ஓர் இடம் உண்டு’ என்று சொல்லப்படுகிறது. தோட்ட மக்களிற் பெரும்பான்மையோர் தங்கள் மாரியம்மனை விட்டு அகலவில்லை என்பது உண்மை. ஆயினும் அப்போதனையை ஏற்ற சிலர் அதில் ஆறுதல் கண்டார்களாயின், அதை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது, நேர்மையன்று. சமயத்தை அபின் என்று எழுதிய மார்க்ஸ், அதே பகுதியில் அதனை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சு என்றும் கண்டார். மூச்சுத் திணறாதவனே பெருமூச்சை இகழ்வான்.

மத்தேயு சுவிசேஷத்தில் ஓர் உவமை உண்டு. திராட்சைத் தோட்டத்து உடையவன் அதிகாலையிலும், காலையிலும், நண்பகலிலும், மாலையிலும் கூலியாட்களை அமர்த்துகிறான். பொழுது சாயும் வேளையில், கடைசி ஒரு மணி நேரமே உழைத்தவனுக்கும் முழுநாட் கூலி கொடுக்கிறான். காலையிலே வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். தோட்டத் தமிழிற் கூறினால், அரைப்பேருக்கும் தகுதியற்றவனுக்கு அங்கே முழுப்பேர் விழுகிறது.

ஆனால் மிஷனின் செலவிற் பெரும்பகுதியைக் கொடுத்தவர்கள் யார்? தோட்டத் துரைமாரே. அவர்களுள் எவரும் அவ்வுவமையைத் தம் தோட்டத்துச் சம்பள விதியாகக் கொண்டதில்லை. ஞாயிறன்று கிருபை; திங்களன்று தராசு. பாவக்கடனை ஆண்டவர் தீர்த்துவிட்டார் என்று உபதேசியார் கூறிய அதே லயத்தில், கங்காணியிடம் பட்ட முன்பணக் கடன் தீராமலே நின்றது. அக்கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றியது. அம்முறையைச் சட்டம் ஒழித்தது 1921இல். விண்ணுலகக் கடன் ஒரு நொடியில் இரத்தாயிற்று; மண்ணுலகக் கடனுக்கோ அரை நூற்றாண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று!

ஜெர்மானிய இறையியலாளர் டீற்றிஷ் பொன்ஹேபர் 1937இல் வெளியிட்ட நூலில், வாழ்வில் எந்த மாற்றத்தையும் கோராத கிருபையை ‘மலிவுக் கிருபை’ என்று கண்டித்தார். நாஜிகள் 1945இல் அவரைத் தூக்கிலிட்டனர். கிருபையை நம்பிய ஒருவரே அதன் போலியையும் அடையாளம் காட்டினார் என்பது கவனிக்கத்தக்கது. தொழிலாளிக்குப் பொறுமையையும் முதலாளிக்கு மனநிம்மதியையும் ஒருங்கே வழங்கும் கிருபை, மலிவுக் கிருபையன்றி வேறென்ன?

இங்கே ஒரு வினா எழும். கிருபை என்பது மேலிருந்து இறங்குவது; கேட்டுப் பெறும் உரிமையன்று. ‘துரையின் தயவு’ என்று கைகட்டி நின்ற மக்களுக்கு மேலும் ஒரு துரையையா காட்டுவது? வினா நியாயமானதே. ஆனால் இக்கொள்கையை அரைகுறையாக அன்றி முழுமையாக எடுத்துக்கொண்டால், அது எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. தன் தகுதியால் எதையும் சம்பாதித்தவர் ஒருவருமில்லை என்றால், துரையும் அதற்கு விலக்கல்லர். அவருடைய நிலமும் பங்களாவும் அவருடைய தகுதிக்குக் கிடைத்த பரிசு என்ற வாதம் சரிந்துவிடுகிறது. தாழ்ந்தவனுக்கு ஆறுதலாகும் அதே கொள்கை, உயர்ந்தவனின் இறுமாப்புக்கு வெடியாகிறது. துரைமாரின் கோவிலில் இந்தப் பின்பாதி ஒலித்திருக்குமா என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

பின்பாதியைத் தொழிலாளர் தாமே வேறு மொழியில் கண்டுகொண்டனர். 1940 ஜனவரியில், கலஹாவை அடுத்த ஹேவாஹெட்டைப் பகுதியில், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். தம் உழைப்பின் விலையைத் தாமும் சேர்ந்தே நிர்ணயிப்போம் என்று நிமிர்ந்த மக்களின் போராட்டம் அது. நிமிர்வதற்கு முன், தாம் தராசுத் தட்டினும் பெரியவர் என்று ஒருவர் நம்பியாக வேண்டும். அந்த நம்பிக்கை கோவிலில் வரலாம், சங்கத்தில் வரலாம். வந்த வழியைப் பற்றிச் சண்டையிடுவது வீண்.

இனி நம்மை நோக்குவோம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்று பிரித்தது. கொழுந்தை நிறுத்த தராசில் அன்று தலைகளும் ஏறின. எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்க வழிசெய்யும் சட்டம் வந்தது 2003இல்தான்.

இக்கொடுமைகளை எதிர்த்தபோது முற்போக்காளராகிய நாம் வழக்கமாக முன்வைத்த வாதம் யாது? ‘இம்மக்கள் காட்டை அழித்து நாட்டை வளம்படுத்தினர், அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தனர், ஆகவே அவர்க்கு உரிமை உண்டு.’ கூற்று உண்மை. ‘ஆகவே’ என்பதுதான் இடர். உழைத்ததால் உரிமை என்றால், உழைக்க முடியாத முடவர்க்கும் முதியவர்க்கும் என்ன பதில்? தேயிலையின் விலை வீழ்ந்தால் உரிமையும் வீழுமா? நாமும் துரையின் தராசையே கையில் எடுத்து, அதில் நிறை கூடுதலாக இருக்கிறது என்று வாதாடினோம். உழைக்க விருப்பமற்றவனுக்கு உணவில்லை என்று பவுல் எழுதிய விதி, 1936ஆம் ஆண்டுச் சோவியத் அரசியலமைப்பில், உழைக்காதவனுக்கு உணவில்லை என்ற வடிவில், பன்னிரண்டாம் ஷரத்தாக இடம்பெற்றது. கிருபையைப் போதித்த பவுலிடமிருந்து நம்மவர் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வரியை மட்டுமே!

மார்க்சோ அங்கே நின்றுவிடவில்லை. 1875இல் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது, உழைப்பின் அளவுக்கேற்ற ஊதியம் என்பது இன்னும் முதலாளித்துவச் சமுதாயத்தின் தழும்பைச் சுமக்கும் நீதியே என்று காட்டினார். தேவைக்கேற்பப் பெறும் சமுதாயத்தை அதற்கு அப்பால் வைத்தார். திராட்சைத் தோட்டத்து உவமையும் அதே அப்பாலைத்தான் சுட்டுகிறது. ஒரு வேறுபாடு உண்டு: அங்கே உடையவனின் நல்ல மனம் கொடுக்கிறது, இங்கே உடையவனே இல்லாத சமுதாயம் தன் கடமையாகக் கொடுக்க வேண்டும்.

கிருபையில் ஆறுதல் காண்பவரை நாம் கேட்க வேண்டிய கேள்வி, ‘ஏன் நம்புகிறாய்?’ என்பதன்று. நிறுக்காமல் ஏற்கப்பட்டேன் என்று மகிழும் நீ, பிறரை நிறுப்பதை நிறுத்தினாயா? பிறர் நிறுக்கப்படும்போது வாய் திறந்தாயா? இக்கேள்வி நமக்கும் உரியதே.

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக விதிக்கப்பட்டபோது, பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கொழுந்தின் நிறையும் உடனே கூட்டப்பட்டது. அரைப்பேர் இன்னும் ஒழியவில்லை. பிறந்தபோதே முழுப்பேருடன் பிறந்தவர் மனிதர் என்பதைச் சட்டத்திலும் சம்பளச் சீட்டிலும் எழுதுவிக்கும் வேலை மீந்திருக்கிறது. விசுவாசியும் நாத்திகனும் அவ்வேலையிற் சேர்ந்தே இறங்கலாம்.