பின்பக்கக் கணக்கு

அம்மா ரவிக்கை தைத்து எங்களை வளர்த்தாள். ஸ்ரீரங்கம் அடையவளைஞ்சான் வீதியில் ஒரு ஒட்டுக்குடித்தன வீட்டின் ரேழியில்தான் மெஷின் இருந்தது. பக்கத்தில் நூல்கண்டுப் பெட்டி, அதன்மேல் ஒரு நீள நோட்டு. நோட்டின் முன்பக்கத்தில் வாடிக்கைக்காரர்களின் அளவு: "சித்திரை வீதி டீச்சர், மார்பு 36, கை 6, கழுத்து இறக்கம்." அதையே திருப்பிப்போட்டுப் பின்பக்கம் திறந்தால் வேறொரு கணக்கு: மாதம், 500, வரவில்லை.

1993 ஜூனில் மாஜிஸ்திரேட் கோர்ட் போட்ட உத்தரவு அது. அம்மா தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. எனக்கு 250, தம்பிக்கு 250, மாதம் 500 ரூபாய் அப்பா தரவேண்டும். பதினோரு மாதம் மணியார்டர் வந்தது. 1994 மே மாதம் நின்றது. அப்போது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. முதல் சில மாதங்களுக்கு "வரவில்லை" என்று முழுசாக எழுதியிருக்கிறாள். பிறகு "மேற்படி". பிறகு வெறும் இரண்டு கோடு. 2002 மே மாதத்தில் 500 என்பது 250 ஆகிறது, எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால். 2005 ஏப்ரலோடு கணக்கு நிற்கிறது. என் பங்கு 96 மாதம், தம்பி பங்கு 132. ஆகமொத்தம் 57,000 ரூபாய் என்று அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறாள்.

போன தை மாதம் சித்தப்பா வந்தார். அப்பா மனைக்கட்டு ஒன்றை விற்றிருக்கிறாராம், கையில் பணம் இருக்கிறதாம், பேத்திக்கு, அதாவது என் மகளுக்கு, ஒரு சங்கிலி போட ஆசைப்படுகிறாராம். "வயசாயிடுச்சும்மா. பழசை மனசுல வச்சுக்காதீங்க" என்றார். தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, நமக்கு இப்ப என்ன குறை? விட்டுடலாம்" என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. விட்டுக்கொடுப்பது பெரிய மனசு என்றே நினைத்தேன்.

உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க யாருடி விட்டுக்கொடுக்க? அது என் காசு."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளைகளுக்கான பணம் என்று கோர்ட் சொன்னது. பிள்ளைகள் வளர்ந்து நன்றாக இருக்கிறார்கள், ஆகவே கணக்குத் தீர்ந்தது என்று ஊரே நினைக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நாங்கள் சும்மா வளர்ந்துவிடவில்லை. 1996-ல் என் பள்ளிக் கட்டணம் கட்டப்பட்டது. தம்பிக்கு டைபாய்டு வந்தபோது மருந்து வாங்கப்பட்டது. மாதாமாதம் அரிசி வந்தது. அப்பா கொடுக்கவேண்டிய 500-ஐ ஒவ்வொரு மாதமும் யாரோ கொடுத்தார்கள். அந்த யாரோ, மெஷின் மிதித்த அம்மா. வளையலை அடகு வைத்தும், ராத்திரி பதினோரு மணிவரை கொக்கி கட்டியும், அப்பாவின் பங்கை அவள் முன்பணமாகப் போட்டிருக்கிறாள். நாங்கள் வளர்ந்து நிற்பது அந்தக் கடன் தீர்ந்ததற்கு அடையாளம் இல்லை, அவள் கடன் கொடுத்தாள் என்பதற்கு அத்தாட்சி. கடன் கொடுத்தவள் அவள். தள்ளுபடி செய்ய எனக்கேது உரிமை?

கேட்காமலா இருந்தாள்? 1995-ல் மனுப் போட்டாள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்துக் கண்டோன்மென்ட் போய், கோர்ட் வராந்தாவில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பாள். சம்மன், வீடு பூட்டியிருக்கிறது என்று திரும்பி வரும். வாய்தா போடுவார்கள். ஒரு வாய்தாவுக்கு இரண்டு ரவிக்கைக் கூலி போகும். நாலு வாய்தாவோடு விட்டுவிட்டாள்.

அப்படி விட்டதுதான் சட்டப்படி பெரிய இழப்பு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் ஜீவனாம்சம் வாங்கியவர், பணம் வராவிட்டால் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பிரிவு புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 ஆகிவிட்டது. ஓராண்டுக் கெடு மட்டும் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் பிள்ளைப் பராமரிப்புப் பாக்கியை வசூலிக்க அரசு அலுவலகமே உண்டு. சம்பளத்தில் பிடிக்கிறார்கள். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் கிடையாது. கலிபோர்னியாவில் பிள்ளை வளர்ந்து பெரியவனான பிறகும் அந்தப் பாக்கி காலாவதி ஆவதில்லை. இங்கே வசூல் அதிகாரியும் அம்மாதான், மனுதாரரும் அம்மாதான். அடுப்பு எரியவேண்டும் என்றால் மெஷினும் அவள்தான் மிதிக்கவேண்டும்.

நீதிமன்றங்கள் இதை உணராமல் இல்லை. ஜெயிலுக்குப் போய்வந்தால் பாக்கி தீர்ந்துவிடாது, சிறை என்பது கட்டவைக்கும் வழிதான் என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் மாநிலத்து வழக்கு ஒன்றும் இருக்கிறது. ஒரு தாய்க்கும் மகனுக்கும் தலைக்கு 300 ரூபாய். 1993-லிருந்து வராத பாக்கிக்காகப் போராடினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் ஓராண்டுப் பாக்கி மட்டும் போதும் என்றது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. முதலில் போட்ட மனு உயிரோடு இருக்கும்போது பின்னால் போடுவது அதன் தொடர்ச்சிதான், முழுப் பாக்கியும் கேட்கலாம் என்றது. 2020 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு, ஜீவனாம்ச உத்தரவை சிவில் கோர்ட் டிக்ரி போலவும் நிறைவேற்றலாம் என்றது. இதையெல்லாம் நான் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இந்த வருஷம். அன்று அந்த வராந்தாவில் ஓராண்டுக் கெடுவைக்கூட அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. இன்றைக்குக் கையில் உத்தரவு வைத்திருக்கும் பெண்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வருஷம் முடிவதற்குள் மனுப் போடுங்கள், போட்ட மனுவைச் சாகவிடாதீர்கள்.

"தாயுமாகித் தகப்பனுமாகி வளர்த்தா" என்று அம்மாவைச் சொந்தங்கள் புகழ்வார்கள். மலைக்கோட்டையில் தாயுமானவர் இருக்கிற ஊர் இது. காவிரி வெள்ளத்தில் அக்கரையில் தாய் சிக்கிக்கொள்ள, பிரசவ வலியில் தவித்த மகளுக்கு அந்தத் தாயின் உருவில் ஈசனே வந்து பேறுகாலம் பார்த்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்குப் பிரசவம் ஆனதும் அம்மா அங்கேதான் வாழைத்தார் செலுத்தினாள். அதனால் அந்தப் புகழ்ச்சி காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால், அதைச் சொன்ன ஒருவர்கூடத் தகப்பனிடம் போய் "அந்த 500-ஐக் கொடு" என்று கேட்டதில்லை. புகழ்ந்தே அவள் பாக்கியை மூடிவிட்டார்கள்.

சங்கிலி விஷயத்துக்கு வருகிறேன். அன்பளிப்பு கொடுத்தால் கொடுப்பவர் கை மேலே. பாக்கி கொடுத்தால் அப்படி இல்லை. அப்பா பேத்திக்குச் சங்கிலி போட்டால் ஊர் அவரை நல்ல தாத்தா என்று சொல்லும். அம்மாவின் நோட்டில் ஒரு வரியும் மாறாது. அந்த வருஷங்களில் 57,000 ரூபாய் என்பது பத்து சவரனுக்குக் குறையாது. இன்று அதற்கு ஒரு சவரன்கூட வராது. அவ்வளவு தேய்ந்த பிறகும் அம்மா வட்டி கேட்கவில்லை. கோர்ட் எழுதிய எண்ணை மட்டும் கேட்கிறாள். இதில் பழிவாங்குவது எங்கே இருக்கிறது?

சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "சங்கிலி வேண்டாம் சித்தப்பா. அம்மா பேருக்கு 57,000 கொடுக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் அவர் பேத்திக்கு என்ன செஞ்சாலும் நான் வாங்கிக்கறேன்." தம்பி முதலில் கோபப்பட்டான். பின்பக்கக் கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் அவன் பதில் போடவில்லை. மூன்றாம் நாள், "என் பங்கு 132 மாசமா அக்கா?" என்று மட்டும் கேட்டான்.

பங்குனியில் சித்தப்பா ஒரு கவரோடு வந்தார். உள்ளே 20,000. மீதி பிறகு தருவாராம். அம்மா இரண்டு முறை எண்ணினாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நோட்டைத் திருப்பி, 2005-க்குக் கீழே இடம் விட்டுத் தேதி எழுதினாள். வரவு 20,000. பாக்கி 37,000.