மூளையும் வினையும்

கடுஞ்சினம் கொள்பவரைக் கண்டால் ‘அவர் வினை அப்படி’ என்கிறோம். உளவியலாரில் ஒரு சாராரோ மூளையையும் நரம்புகளையும் சுரப்பிகளையும் காட்டுகின்றனர். இரண்டில் எது மெய் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கின்றனர்.

உளவியல் பாடநூல்கள் தவறாது கூறும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருப்புப்பாதைக்காகப் பாறை பிளக்கும் பணியை மேற்பார்த்தவர் பினியாஸ் கேஜ். 1848 செப்டம்பர் 13 அன்று, துளையில் இட்ட மருந்து எதிர்பாராது வெடித்தது. மூன்றரை அடிக்கும் மேல் நீளமுள்ள இரும்புக்கோல் அவருடைய இடக்கன்னத்தில் நுழைந்து, மூளையின் முன்பகுதியைத் துளைத்து, உச்சந்தலை வழியே வெளிப்பட்டது. அவர் இறக்கவில்லை, சற்று நேரத்தில் பேசவும் செய்தார். ஆயினும் நிதானம் மிக்கவராயிருந்த அவர் பொறுமையற்றவராகவும் இழிசொல் பேசுபவராகவும் மாறினார் என்று, சிகிச்சையளித்த மருத்துவர் ஹார்லோ 1868-இல் எழுதினார்.

ஓர் இரும்புக்கோல் குணத்தை மாற்றுமாயின் உயிரின் நிலை யாது? இவ்வினாவிற்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. நம் ஆகமங்கள் வினையையே புற்கலம் என்கின்றன. அதுவும் நுண்ணிய சடப்பொருளே. ஞானாவரணீயம் அறிவை மறைக்கிறது. மோகனீயம் ஒழுக்கத்தை மயக்குகிறது. உடலை ஆக்குவது நாமவினை. சடம் உயிரின் இயல்பை மறைக்கும் என்பது நமக்குப் பழைய செய்தி. மூளையின் காயத்தை நிமித்தம் என்று கொள்வதில் நமக்கு என்ன தடை?

ஆனால் நிமித்தமே முழுக்காரணம் ஆகிவிடாது. பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது: அதே கேஜ் 1852-இல் சிலி நாடு சென்று, பல ஆண்டுகள் பயணிகள் வண்டியின் குதிரைகளை ஓட்டினார். பொறுமையற்றவர் நிலைக்கக்கூடிய தொழிலன்று அது. 1860-இல் மறைவதற்குள் அவர் பெரிதும் தேறியிருந்தார் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

நம் வகுப்பில் ஒரு சிறுவன் பாடத்தின் நடுவே வெறித்துப் பார்ப்பான். அழைத்தால் விடை வராது. திமிர் என்று எண்ணிப் பலமுறை பெஞ்சின்மேல் நிற்க வைத்தோம். அது சில நொடிகளே நீடிக்கும் ஒருவகை வலிப்பு என்று மருத்துவர் பின்னர் கூறினார். நாம் அழைத்தது அவன் காதில் விழவே இல்லை.

அவன் குற்றமற்றவன் என்பதை மூளையைக் கொண்டு அறிந்தோம். அன்று நமக்கெழுந்த சினத்திற்கும் நம் மூளையையே சாட்சிக்கு அழைக்கலாம்தான், மனம் வரவில்லை. பிரதிக்கிரமணத்தில் அமரும்போது இன்றும் அச்சிறுவனின் முகமே முதலில் வருகிறது.