கரும்பலகையில் ஏறிய விலை

நேற்றிரவு எல்லோரும் உறங்கிய பின் 'இஸன்ட் லைஃப் வொண்டர்ஃபுல்' பார்த்தேன். டி.டபிள்யூ. கிரிஃபித் 1924இல் எடுத்த மௌனப் படம். பின்னாளில் யாரோ சேர்த்த இசை பசியை அழகாக்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் அதை அணைத்துவிட்டேன்.

முதல் உலகப் போர் முடிந்த ஜெர்மனி. போலந்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பம் ஒன்று பெர்லின் புறநகரில் நெருக்கியடித்துக் குடியிருக்கிறது. மகன் பால், விஷவாயு அரித்த நுரையீரலோடு போரிலிருந்து திரும்புகிறான். இங்கா அந்த வீட்டில் வளர்ந்த அநாதைப் பெண். இருவருக்கும் கல்யாண ஆசை. சோற்றுக்கே வழியில்லை.

*

இறைச்சிக்கடை வரிசையில் இங்கா நிற்கிறாள். கையில் நோட்டுக்கட்டு. கரும்பலகையில் இருக்கும் விலையை அழித்துப் புதிய விலை எழுதுகிறார்கள். வரிசை கொஞ்சம் நகர்கிறது. மறுபடி அழிக்கிறார்கள். அவள் முறை வரும்போது அந்தப் பணத்துக்கு இறைச்சி இல்லை.

போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். முன்பே படித்த கணக்குதான், மனதில் தங்கியதில்லை. இங்காவின் முகத்தைப் பார்த்த பிறகு மறக்க முடியவில்லை. போர்க்கடனில் மூழ்கிய அரசு நோட்டாக அடித்துத் தள்ளியது. அதன் பாரம் கடைசியில் வந்து இறங்கிய இடம், வரிசையில் நின்ற இந்தப் பெண்ணின் தலை.

*

பால் இருமிக்கொண்டே ஒரு துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு போடுகிறான். நன்றாக விளைகிறது. அதைக் கைவண்டியில் ஏற்றி இருவரும் காட்டுவழியே இழுத்து வருகிறார்கள். பசித்த கூட்டம் ஒன்று மறித்துக்கொள்கிறது. நாங்களும் உழைப்பவர்கள்தான் என்று இங்கா கெஞ்சுகிறாள். பறிப்பவர்களும் அதே தொழிலாளிகள், அவர்கள் வீட்டிலும் உலை ஏறவில்லை. கிழங்கு முழுவதும் போகிறது.

வெறும் வண்டி அருகே பால் கிடக்கிறான். இங்கா அவனை அணைத்துக்கொண்டு சிரிக்கிறாள், வாழ்க்கை அற்புதமானது என்கிறாள். முதலில் எனக்கு அது மிகையாகப் பட்டது. திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அவள் உலகத்துக்குச் சொல்லவில்லை. அவன் மனம் விட்டுவிடக் கூடாதே என்று அவனுக்கு மட்டும் சொல்கிறாள்.

*

இதே கிரிஃபித்தான் 1915இல் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' எடுத்து, கறுப்பின மக்களை இழிவுபடுத்தி, கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தை வீரர்களாக்கியவர். அதை என்னால் மன்னிக்க முடியாது. போர் முடிந்து ஆறே ஆண்டுகளில் எதிரி நாட்டுக்குக் கேமராவோடு போய், அங்குள்ளவர்களின் பசியைப் படம்பிடித்தவரும் அவரே. ஆனால் நாயகனின் குடும்பத்தை ஜெர்மானியர்களாக வைக்கவில்லை. அமெரிக்க ரசிகர்களை நினைத்துத் தயங்கியிருப்பார் என்று தோன்றுகிறது.

படம் அமெரிக்காவில் ஓடவில்லை. கிடைத்தால் பாருங்கள். இசையை அணைத்துவிட்டுப் பாருங்கள்.