மலையையும் காக்க வேண்டும், ஏழைக்கும் வீடு வேண்டும்



2024 டிசம்பர் 1-ஆம் நாளை நம் ஊர் மறக்காது. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு பெயர்ந்து, வ.உ.சி. நகரில் வீட்டின் மீது பாறையும் மண்ணும் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் பிள்ளைகள். அடி அண்ணாமலையில் இருந்து நாம் தினமும் பார்ப்பதும் அதே மலைதான்.

"மலையடியில் ஏன் வீடு கட்டினார்கள்?" என்று கேட்பது எளிது. சமதரையில் ஒரு சென்ட் வாங்க வழியிருப்பவன் பாறைக்குக் கீழே போய்க் குடியிருப்பானா? சிந்தியுங்கள்.

இயற்கையைக் காப்பது மார்க்கம் காட்டிய வழி. மதீனாவைப் புனித எல்லையாக்கி, அங்கே மரம் வெட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நகீஃ என்னும் இடத்தை 'ஹிமா'வாக, அதாவது பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலமாக ஆக்கினார்கள்.

உமர் (ரலி) அவர்கள் ஹிமாவின் பொறுப்பாளரிடம் சொன்னதை புகாரியில் காண்கிறோம். சில ஆடுகளும் சில ஒட்டகங்களும் மட்டுமே உள்ளவரை உள்ளே விடச் சொன்னார்கள். செல்வந்தர்களான இப்னு அவ்ஃப் (ரலி), இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் கால்நடைகளைத் தடுக்கச் சொன்னார்கள். கால்நடை செத்தால் அவர்களுக்குத் தோட்டம் இருக்கிறது. ஏழையோ பிள்ளைகளுடன் என் வாசலில் வந்து நிற்பான் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

சகோதரர்களே! வேலி போடும்போதே, அதனால் யார் வயிறு காயும் என்று அந்தக் கலீஃபா பார்த்தார்கள். நாமும் அப்படிப் பார்க்கிறோமா?

புல்லை ஏழைக்குத் திறந்துவிடலாம். உருளும் பாறைக்கு அடியில் இடம் விடுவது இரக்கமாகாது. அதற்காக, மாற்று இடம் தராமல் அவனை விரட்டுவதும் நீதியாகாது. மலையில் கட்டாதே என்று சொல்லும் உள்ளாட்சிக்கு, எங்கே கட்டலாம் என்று காட்டும் கடமையும் உண்டு. மனைப்பிரிவுக்கு இடும் ஒவ்வொரு கையெழுத்தும் அமானிதம்.

நமக்கும் பங்கு உண்டு. விலை ஏறட்டும் என்று நாம் வாங்கிச் சும்மா போட்டிருக்கும் மனைகள் எத்தனை? அந்த விலையேற்றம்தானே ஏழையை மேலே தள்ளுகிறது? ஓடையை மறித்த மனை என்று தெரிந்தும் வாங்கினோமா? கிராம சபை கூடும்போது, வீடில்லாதவருக்காக எழுந்து ஒரு வார்த்தை பேசினோமா?

பிறருக்குத் தீங்கில்லாத வீட்டில் வாழவும், வீடற்றவரை மறவாதிருக்கவும் அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.