வேடிக்கை பார்க்க ஒரு பருவம்

2023 பிப்ரவரி முதல் வாரம். பெங்களூரு கப்பன் பூங்காவில் டபேபூயா ரோஸ் நிறத்தில் பூத்திருந்தது. மரத்தில் இலையே இல்லை, மொத்தமும் பூ. கீழே தரையிலும் அதே நிறம். காலை ஏழு மணிக்கு அந்த வெளிச்சத்தில் பார்க்கும்போது யாராக இருந்தாலும் போனை எடுப்பார்கள். நானும் எடுத்தேன். நாலு படம் பிடித்து அத்தாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ‘எப்டி இருக்கு?’ என்று கேள்வி வேறு.

அரைமணி நேரம் கழித்து பதில் வந்தது. ‘நல்லா இருக்கு தம்பி. இங்க மழை.’ பின்னாலேயே ஒரு படம். எங்களுடைய ஒன்பது மா நிலம். அறுப்புக்கு நின்ற சம்பா மொத்தமாகச் சாய்ந்து தண்ணீரில் படுத்துக் கிடந்தது.

டெல்டாக்காரர்களுக்கு அந்த மழை ஞாபகம் இருக்கும். தை மாதம் பெய்ய வேண்டிய மழையே அல்ல. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் விளைந்து நின்ற சம்பாவையும் தாளடியையும் அது சாய்த்துவிட்டது. சாய்ந்த பயிரில் மிஷின் இறங்காது. இறங்கினாலும் நெல் ஈரமாக இருக்கும். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கக் கூடாது என்பது விதி. தளர்த்தச் சொல்லிக் கேட்க வேண்டும், குழு வர வேண்டும், பார்க்க வேண்டும். அதுக்குள்ள நெல்லு முளைச்சிடும்.

அந்த இரண்டு படங்களும் ஒரே திரையில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக நின்றதைப் பார்த்ததிலிருந்துதான் எனக்கு இந்தக் கேள்வி. நான் ஒரு தப்பும் செய்யவில்லை, சரிதான். பூவைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆனாலும் ஏன் கூசியது? ஒரு பருவத்தை அதில் எதையும் பணயம் வைக்காமல் ரசிப்பது குற்றமற்ற இன்பம்தானா?

எங்கள் ஊர் கூத்தாநல்லூர். ‘சின்ன சிங்கப்பூர்’ என்பார்கள். வீட்டுக்கு ஒருத்தராவது சிங்கப்பூர், மலேசியா என்று சபர் போனவர். அத்தாவும் பன்னிரண்டு வருடம் சிங்கப்பூரில் கடை வேலை பார்த்தவர். திரும்பி வந்து, குத்தகைக்கு விட்டிருந்த நிலத்தைத் தானே செய்ய ஆரம்பித்தபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சபராளி எவனாவது சேத்துல இறங்குவானா என்று கேட்டார்கள். அவர் இறங்கினார்.

அதனால் எங்கள் வீட்டில் காலண்டர் வேறு மாதிரி ஓடும். ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா? திறந்தால் வெண்ணாற்றில் தண்ணீர் என்றைக்கு வரும்? குறுவை போடலாமா, இல்லை சம்பாவோடு நிறுத்திக்கொள்ளலாமா? ஐப்பசி, கார்த்திகை மழை பயிரை மூழ்கடிக்குமா, இல்லை ஏமாற்றிவிடுமா? 2016இல் ஏமாற்றியது. வடகிழக்குப் பருவமழை சராசரியில் பாதிகூடப் பெய்யவில்லை. அடுத்த ஜனவரியில் மொத்த மாநிலத்தையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். அந்த மார்கழி முழுக்க வானம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. இன்றைக்கு பெங்களூரில் அப்படியொரு வானத்தைப் பார்த்தால் ‘என்னா கிளைமேட்டுடா’ என்கிறோம். அன்றைக்கு அந்த நீலத்தைப் பார்த்து எங்கள் தெருவில் யாரும் அழகு என்று சொன்னதில்லை.

கப்பன் பூங்காவில் பருவம் வேறு விதமாக நடக்கிறது. 1870இல் மைசூரின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி அமைத்த பூங்கா அது. முதலில் 100 ஏக்கர்தான், இன்று சுமார் 300 ஏக்கர் என்கிறார்கள். 1908இல் லால்பாகுக்கு வந்த க்ரும்பிகல் என்ற ஜெர்மானியத் தோட்டக்கலைஞரின் பெயரோடு ஒரு யோசனை இந்த நகரத்தில் இன்னும் பேசப்படுகிறது. ஒன்று உதிரும்போது இன்னொன்று பூக்கிற மாதிரி மரங்களைத் தேர்ந்து நடுவது, எந்த மாதம் வந்தாலும் நகரம் பூ இல்லாமல் இருக்கக் கூடாது என்பது. தையில் ரோஸ் டபேபூயா, மாசியில் மஞ்சள், பங்குனியில் ஜகரண்டாவின் ஊதா, சித்திரையில் குல்மொஹரின் சிவப்பு. இதில் பாதி மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து. யோசித்துப் பார்த்தால், பொய்க்கவே பொய்க்காத ஒரு பருவத்தை ஒரு நகரம் தனக்காகச் செய்துகொண்டிருக்கிறது. மழை குறைந்தாலும் டபேபூயா பூக்கும். எனக்குத் தெரிந்து, காய்ந்த வருடத்தில் இன்னும் அடர்த்தியாகவே பூக்கும்.

தொல்காப்பியத்தில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிலமும் பொழுதும்தான் முதற்பொருள். முல்லைக்குக் கார்காலம், குறிஞ்சிக்குக் கூதிர் என்று ஒவ்வொன்றுக்கும் பெரும்பொழுது ஒதுக்கிக்கொண்டே வரும் நூல், மருதத்துக்கு மட்டும் (நெய்தலுக்கும்தான்) தனியாக எதையும் ஒதுக்காது. ஆறு பருவமும் உரியது என்று உரைகாரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இலக்கணத்துக்கு அது பொதுவிதி. வயல்காரனாகப் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது: மருதத்தில் எந்தப் பருவத்திலும் தப்பிக்க முடியாது, ஆறிலும் வேலை இருக்கு, ஆறிலும் பயம் இருக்கு.

இந்த இடத்தில் கான்ட் வந்து எனக்காக வாதாடுவார். 1790இல் அவர் எழுதியதன் சாரம் இது: ஒன்றை அழகு என்று சொல்லும்போது அதனால் எனக்கு என்ன ஆதாயம் என்ற கணக்கு அதில் இருக்கக் கூடாது. அவரே ஓர் அரண்மனையை உதாரணம் காட்டுகிறார். மக்களின் வியர்வையை வீணடித்துக் கட்டியது என்று ரூசோ பாணியில் அதைத் திட்டலாம், திட்டுவது நியாயமாகவும் இருக்கலாம், ஆனால் கேட்டது அதுவல்ல, பார்க்க அழகாக இருக்கிறதா என்பதுதான். இந்தக் கணக்குப்படி பூங்காவில் நிற்கும் நான்தான் பருவத்தைச் சரியாகப் பார்ப்பவன். வரப்பில் நிற்கும் அத்தாவின் கண்ணில் மூட்டைக் கணக்கு ஓடுவதால் அவருக்கு அழகு தெரியாது.

இது எனக்கு ஒத்துவரவில்லை. அத்தாவை எனக்குத் தெரியும். கார்த்திகையில் பயிர் தூர் கட்டி நிற்கும்போது சாயங்காலம் சும்மாவே வரப்புக்குப் போவார். செய்ய ஒரு வேலையும் இருக்காது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயலிலிருந்து ஒரு வாசம் வரும், பச்சரிசி ஊறவைத்த மாதிரி. அதுக்காகவே மஃரிபு வரை நின்றுவிட்டு வருவார். அந்த நேரத்தில் மூட்டைக் கணக்கும் ஓடியிருக்கும்தான். ஓடினால் என்ன? கடன் வாங்கிக் கல்யாணம் செய்துவைத்த மகளின் முகத்தைப் பார்க்கும் தகப்பனுக்கு அந்தக் கடன் ஞாபகம் இருப்பதால் மகள் அழகு குறைந்துவிடுமா?

அதே சமயம் அத்தாவைப் புனிதராக்கவும் முடியாது. அவர் வரப்பில் நின்று ரசித்த பச்சையை நட்டவர் அவர் இல்லை. குனிந்து நட்ட பெண்களுக்கு அந்தப் பருவம் இத்தனை நாள் கூலி என்பதுதான். நடவு மிஷின் வந்த பிறகு அந்த நாட்களும் குறைந்துவிட்டன. அவர்களுக்கு முன்னால் எங்கள் அத்தாவும் பூங்காவில் நடைபோகிற ஆள்தான். யார் பணயம் வைத்தவர், யார் வேடிக்கை பார்ப்பவர் என்ற கோடு ஊருக்கும் நகரத்துக்கும் நடுவில் மட்டும் இல்லை, எங்கள் வயலுக்குள்ளேயே வரப்பு மாதிரி குறுக்கும் நெடுக்கும் போகிறது.

பூங்காவுக்குள்ளும் போகிறது. பிரம்பு விளக்குமாற்றால் அந்த ரோஸ் பூக்களைக் கூட்டிக் குவிக்கும் ஓர் அம்மாவிடம் ஒருநாள் பேசினேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழ். “பூ இத்தனை கொட்டுதே, அழகா இல்லீங்களாம்மா?” என்று கேட்டுத் தொலைத்தேன். “அழகாத்தான் இருக்குதுப்பா. ஈரத்துல ஒட்டிக்கும், கூட்ட வராது. இந்த மாசம் வந்தா இடுப்பு போயிடும்” என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். எனக்குத்தான் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ‘ஆனால்’ தேவைப்படுகிறது.

அதே 2023இல் இன்னொன்றும் நடந்தது. ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள், எங்கள் பக்கம் குறுவை போட்டார்கள். கர்நாடகத்தில் மழை பொய்த்தது. செப்டம்பரில் குறுவை காய ஆரம்பித்தது. இங்கே தண்ணீர் விடக் கூடாது என்று செப்டம்பர் 26 பெங்களூரு பந்த், 29 கர்நாடகா பந்த். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் எரிந்த நகரம் என்பதால் அம்மா தினமும் போன் செய்து “வெளியில தமிழ்ல சத்தமா பேசாத” என்பார். அந்தச் சில வாரங்கள் பூங்கா எப்படி இருந்தது தெரியுமா? அற்புதமாக இருந்தது. மழை இல்லை, சேறு இல்லை, மிதமான வெயில். கூட வேலை பார்க்கும் மண்டியாக்காரனும் நானும் சாயங்காலம் நடப்போம். அவன் வீட்டில் கரும்பு காய்கிறது, எங்கள் வீட்டில் நெல். இரண்டு பேரும் ஆற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒருநாள் அவன் மட்டும் “இந்த வருஷம் நடக்க ரொம்ப வசதியா இருக்குல்ல?” என்றான். அதைச் சொன்ன அடுத்த நொடி அவன் முகம் போன போக்கு எனக்குத் தெரிந்த போக்குதான்.

ஆக, அந்தக் கூச்சத்தால் என்ன பயன்? நான் படம் எடுக்காமல் இருந்திருந்தால் சம்பா நிமிர்ந்திருக்காது. நான் நடக்காமல் இருந்தால் கபினியில் தண்ணீர் ஏறாது. குற்றவுணர்ச்சியை ஒரு தகுதி போலச் சட்டையில் குத்திக்கொள்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஊரை விட்டு வந்துவிட்டு ஊருக்காக உருகுவது பல சமயம் ஒரு சொகுசு. ஆனால் கூச்சத்துக்கும் குற்றவுணர்ச்சிக்கும் வித்தியாசம் உண்டு. குற்றவுணர்ச்சி என்னைப் பற்றியது. அன்றைக்குக் கூசியது, நான் கேட்காமல் விட்டதற்காக. ‘எப்டி இருக்கு?’ என்று என் பூவைப் பற்றிக் கேட்டேன், அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. வானம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். ரசித்தது தப்பில்லை, என் ஜன்னலில் தெரிந்ததைப் பருவம் என்று நம்பியதுதான் தப்பு.

2024 மார்ச்சில் அத்தா பெங்களூரு வந்தார். வந்த நேரம் அப்படி. நகரத்தில் போர்வெல்கள் வற்றி, டேங்கர் விலை ஏறி, குடிநீரைத் தோட்டத்துக்கோ கார் கழுவவோ ஊற்றினால் 5000 ரூபாய் அபராதம் என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் வாடகை வீட்டில் காலையில் ஒரு மணிநேரம் தண்ணீர். அத்தா ஒரே வாளியில் குளித்துவிட்டு, “சிங்கப்பூர்லயே இத விடச் சிக்கனமாக் குளிச்சிருக்கேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். மஞ்சள் டபேபூயா பூத்திருந்தது, புல்தரை பாதி பழுப்பு. அவர் மேலே பார்க்கவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். “எத்தன ஏக்கரு?”

“முந்நூறு சொல்றாங்க அத்தா.”

“தொள்ளாயிரம் மா. நாப்பத்தஞ்சு வேலி!” கொஞ்ச நேரம் பேசவில்லை. “எதுவும் போடாம சும்மாவே வச்சிருக்காங்களா?”

“சும்மாதான்.”

“நல்லதுதான். சிங்கப்பூர்ல பொட்டானிக் கார்டன் இருக்கு. லீவு நாள்ல போய்ப் படுத்துக் கெடப்பேன். அங்க என்ன, வருஷம் பூரா ஒரே மாதிரிதான் இருக்கும். மழை பெஞ்சா யாரும் சந்தோஷப்பட மாட்டான், வருத்தப்படவும் மாட்டான். மொத ரெண்டு வருஷம் அது நிம்மதியா இருந்துச்சு.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன, வந்துட்டேன்ல.”

தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்தோம். எங்கள் ஊர் ரோட்டோரத்திலும் நிற்கும் மரம் என்பதால் அதை மட்டும் நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர்ப் பஞ்சத்தில் இத்தனை மரத்துக்கு எங்கிருந்து ஊற்றுகிறார்கள் என்று கேட்டார். பூங்காவுக்குள்ளேயே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருப்பதைச் சொன்னேன். தொரேகாடனஹள்ளியிலிருந்து நூறு கிலோமீட்டர் தூரம், ஐந்நூறு மீட்டர் உயரம் காவிரியை மூன்று கட்டமாகப் பம்ப் செய்து மேலே ஏற்றுகிறார்கள், நகரம் குடித்துக் குளித்து விட்டதைச் சுத்தம் செய்து இங்கே விடுகிறார்கள் என்றேன். 2018 பிப்ரவரி தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தபோது, அதில் 4.75 டிஎம்சி இந்த நகரத்தின் குடிநீருக்கென்று போனதை நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும். அந்தத் தீர்ப்பு வந்த அன்று பேப்பரை மடக்கி அரிசி டப்பாவுக்குக் கீழே வைத்தவர் அவர்.

“அப்ப இது நம்ம ஆத்துத் தண்ணிதான்” என்றார். குரலில் கோபம் இல்லை. பிறகு துண்டை விரித்து, வேரில் தலையை வைத்துப் படுத்தார். பக்கத்தில் ஒரு கூட்டம் பாய் விரித்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தது. மேலேயிருந்து மஞ்சள் பூ ஒன்று பறந்து வந்து அவர் சட்டையில் விழுந்தது. தட்டிவிடுவார் என்று பார்த்தேன். அதற்குள் தூங்கியிருந்தார்.