உண்ணாமல் வைத்த உணவு

உணவு உண்பதற்கே உரியது என்பதை நமக்கு ஒருவர் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும், உண்ணத்தக்க ஒரு பண்டத்தைத் தாமும் உண்ணாது, பிறர்க்கும் ஈயாது, ஒரு நினைவின் பொருட்டுப் பெட்டியிலிட்டுக் காத்துவைப்பது முறையாகுமா? அவ்வாறு வைப்பதனால் அந்நினைவுதான் காக்கப்படுகின்றதா? வினா சிறியதுபோல் தோன்றும். ஆராயப் புகுந்தால், பற்று என்பது எவ்வாறு நம்மைப் பிணிக்கிறது என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம்.

அமெரிக்க நாட்டில் ஒரு திரைப்படம் வெளிவருங்கால், அதன் பெயராலும் அதில் வரும் பாத்திரங்களின் உருவத்தாலும் தின்பண்டங்கள் செய்து விற்பது வணிகர் வழக்கம். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் பொன்னிற இயந்திர மனிதனின் பெயரால் கெல்லாக்ஸ் நிறுவனத்தார் 1984ஆம் ஆண்டில் காலைச் சிற்றுண்டித் தானியம் ஒன்றை விற்றனர். ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ கதையின் பச்சைப் பேயுருவம் பொறித்த ‘எக்டோ கூலர்’ என்னும் பானம் 1987இல் வந்தது. பின்னர் நின்றுபோய், புதிய படம் வெளியான 2016இல் மீண்டும் சிலகாலம் விற்கப்பட்டது. இவையெல்லாம் வாங்கிய சில நாளில் உண்டு தீர்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை. எனினும், அப்படங்களில் மனத்தைப் பறிகொடுத்தோர் பலர் இவற்றைத் திறவாமலே பல்லாண்டு பாதுகாக்கின்றனர். விலைபேசி விற்கவும் வாங்கவும் செய்கின்றனர்.

அவ்விலை எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 1998ஆம் ஆண்டில் ‘முலான்’ என்னும் சித்திரப் படத்தை ஒட்டி, மெக்டொனால்ட்ஸ் உணவகங்களில் ‘சிச்சுவான் சாஸ்’ என்னும் தொடுகறி சிலகாலம் வழங்கப்பட்டது. 2017இல் ஒரு தொலைக்காட்சிச் சித்திரத் தொடர் அதனை நினைவூட்டவே, பத்தொன்பது ஆண்டு பழமையான ஒரு பொட்டலத்துக்கு இணைய ஏலத்தில் பதினாலாயிரம் டாலருக்கு மேல் விலை ஏறியது. அவ்வாண்டு அக்டோபரில் உணவகத்தார் அதனை ஒரே நாள், மிகச் சிறிய அளவில் வழங்கவே, திரண்டு வந்த கூட்டம் கிடைக்கப்பெறாமல் கொதித்தெழுந்தது. 2018 பிப்ரவரியில் இரண்டு கோடிப் பொட்டலங்கள் செய்து வழங்கினர். சுவைத்துப் பார்க்க விரும்பியோர் அப்போது ஏலத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. அப்பெருவிலை சாஸில் இருந்ததா, வேட்கையில் இருந்ததா? வாசகரே முடிவு செய்க.

விலை மனிதர் மனத்தில் நிற்கலாம், பண்டமோ நில்லாது. எண்ணெய்ப் பசையுள்ளது காற்றுப்பட்டுச் சிக்கு நாற்றம் கொள்ளும். சர்க்கரை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். புளிப்புள்ள பானம் நாட்செல்லத் தன்னை அடைத்த தகரத்தையே அரித்துவிடும். ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் வேடிக்கையாகப் பேசப்படும் ‘டுவிங்கி’ என்னும் கிரீம் அடைத்த கேக்கை, என்றும் கெடாத பண்டம் என்று அந்நாட்டார் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு. 2012இல் அதனைச் செய்த நிறுவனம் மூடப்படும் என்ற செய்தி வரவே, பலர் வாங்கிச் சேர்த்தனர். அவ்வாறு எட்டாண்டு வைத்திருந்த சிலவற்றை 2020இல் எடுத்துப் பார்த்தபோது, ஒன்றில் பூசணம் பூத்திருந்தது. ஒன்று உறைக்குள்ளேயே சுருங்கி வற்றியிருந்தது. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர், கிளாடோஸ்போரியம் என்னும் பூசண வகை அதில் குடியேறியிருந்ததைக் கண்டறிந்தனர். மனிதர் உண்ணாது வைத்ததை வேறோர் உயிர் உண்டது. அவ்வளவே.

இதனை அறிந்த சேகரிப்பாளர் பலர், பெட்டியின் அடிப்புறத்தைத் திறந்து தானியத்தைக் கொட்டிவிட்டு, அட்டையை மட்டும் தட்டையாக்கிக் காக்கின்றனர். புழுவும் எலியும் வாராதிருத்தற்கே இவ்வேற்பாடு. எனினும் இதில் ஓர் அறமும் உண்டு. படமும் எழுத்தும் காலத்துக்குச் சான்று கூறும். அவற்றைக் காப்பது குற்றமன்று. தானியமோ காலத்துக்குச் சான்று கூறப் பிறந்ததன்று.

நல்லெண்ணத்தோடு வைத்தால் குற்றமில்லை அன்றோ என வினவலாம். இவ்வினா புதியதன்று. ஆனந்தருக்கு உபாத்தியாயராயிருந்த பேலட்டசீசர் என்னும் தேரர், பிச்சையேற்ற சோற்றை வெயிலில் உலர்த்தி வைத்து, பசித்த நாளில் நனைத்து உண்டு வந்தார் என விநய நூல் கூறும். அவர் நோக்கம் பேராசையன்று. அடிக்கடி ஊருக்குள் சென்று பிறரை வருத்தலாகாது என எண்ணியிருக்கலாம். ஆயினும், உணவைச் சேமித்து வைத்து உண்டலாகாது எனப் பகவர் விதித்தார். நோயாளிக்குரிய நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகியவற்றுக்கும் ஏழு நாளே எல்லை. இவ்விதி துறவியர்க்கு உரியது, இல்லறத்தார்க்கு அன்று. ஆயினும் சேமிப்பின் குற்றம் எண்ணத்தில் மட்டும் இல்லை, செயலிலும் உண்டு என்பதை இதனால் உணரலாம்.

பிறரைக் குறைகூற இதனை எழுதினோம் அல்லோம். யாம் பஞ்சாலையில் வேலை செய்த நாளில், எம் அன்னையார் ஊரிலிருந்து பொருள்விளங்காய் உருண்டை செய்து ஒரு டப்பாவில் அனுப்புவார். அவர் மறைந்தபோது, இறுதியாக வந்த டப்பாவில் ஓர் உருண்டை எஞ்சியிருந்தது. அதனைத் துணியில் சுற்றி வைத்தோம். ஓர் இரவு ஷிப்டில், உடன் வேலை செய்த பையன் ஒருவன் பசியால் வாடி, “அண்ணே, தின்ன ஏதும் இருக்கா?” என்று கேட்டான். இல்லை என்றோம். ஈராண்டு கழித்து டப்பாவைத் திறந்தோம். உருண்டை மாவாய் உதிர்ந்து, அதில் வண்டு ஊர்ந்தது.

அன்னையார் இருந்திருப்பின் அப்பையனுக்கு இரண்டாகவே கொடுத்திருப்பார். அவர் கையால் செய்ததைக் காத்தோம். அவர் கை செய்யும் செயலைக் கைவிட்டோம். இன்று அவரை நினைக்குந்தோறும், அப்பையனின் முகமும் உடன் தோன்றுகிறது. யாம் காத்த நினைவு இதுவே ஆயிற்று.

ஆகவே, அன்பர்களே, ஒரு படத்தையோ ஒரு மனிதரையோ ஒரு நாளையோ மறவாதிருக்க விரும்பினால், அட்டையை வைத்துக்கொள்ளுங்கள், பாத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருப்பதை அது நல்லதாயிருக்கும்போதே, அருகிலிருப்பவரோடு பகிர்ந்து உண்ணுங்கள். அந்த டப்பா இன்றும் எம்மிடம் உள்ளது. மூடி சற்றே நெளிந்திருக்கிறது. வருவோர்க்குக் கொடுக்க அதில் பொட்டுக்கடலை வைத்திருக்கிறோம். அது தீரத் தீர நிரப்புகிறோம்.