எடை எந்தக் காலில்?

"ஃபேஷன் டிசைன் படிக்க ஆசைதான். ஆனால் எனக்கு ஆள் வரைய வராது."

இந்தப் பல்லவியை இன்றோடு நிறுத்து! கங்கைகொண்ட சோழபுரத்துக்காரியாக இருந்துகொண்டு இதைச் சொல்ல உனக்கு எப்படி வாய் வருகிறது? மாடலை எதிரே நிறுத்தி வரைந்து பழக மற்றவர்கள் கட்டணம் கட்ட வேண்டும். உனக்கோ ராஜேந்திர சோழன் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மாடல்களை நிறுத்திவைத்துவிட்டுப் போயிருக்கிறான். அசைய மாட்டார்கள், கால் வலிக்கிறது என்று உட்கார மாட்டார்கள், சம்பளமும் கேட்க மாட்டார்கள்.

பென்சிலை எடு. கோயில் விமானத்தின் தெற்குச் சுவருக்குப் போ. அர்த்தநாரி சிலை முன்னால் நில். கண், மூக்கைத் தொடாதே. நகையைத் தொடவே தொடாதே. எடை எந்தக் காலில் நிற்கிறது என்று மட்டும் பார். எடை தாங்கும் பக்கம் இடுப்பு ஏறும். அதே பக்கத்துத் தோள் இறங்கும். இந்த இரண்டு சாய்கோடும் விழுந்துவிட்டால் உருவத்துக்கு உயிர் வந்துவிட்டது. விழாவிட்டால் நீ வரைந்தது கடை வாசல் பொம்மைதான், எத்தனை மணி நேரம் ஷேடிங் போட்டாலும்!

அடுத்து ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு வா. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாளே, அவளை ஒரு நிமிஷத்தில் வரை. எதிலும் சாயாமல் ஒற்றைக் காலில் எடை போட்டு நிற்கும் ஆளுக்குத் தொண்டைக்குழியிலிருந்து தூக்குநூல் விட்டால், அது எடை தாங்கும் பாதத்தில் வந்து இறங்கும். ஸ்தபதிகள் பிரம்மசூத்திரம் என்று நூல் பிடிப்பதும் உருவம் எங்கே வளைகிறது, எங்கே நிற்கிறது என்று அளக்கத்தான்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிஜ மனிதரின் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை. ஃபேஷன் படத்தில் அதை ஒன்பது, பத்துத் தலையாக நீட்டுவார்கள். நீட்சி பெரும்பாலும் காலில்தான். சிற்ப நூல்களிலும் நவதாளம் உண்டு: ஒன்பது தாளம், 108 அங்குலம். 'ஆகா, இரண்டும் ஒன்று' என்று துள்ளாதே. ஸ்தபதியின் தாளம் முகத்தின் நீளம். ஃபேஷன்காரன் எண்ணுவது உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை. ஆகவே நவதாளம் நிஜ உடம்பை ஒட்டியே வரும். முதலில் அதைப் பழகு, பிறகு நீட்டு. இணையத்தில் கிடைக்கும் குரோக்கி என்ற ஆயத்த உடம்புப் படத்தை டிரேஸ் எடுத்துச் சட்டை மாட்டுகிற வேலை உனக்கு வேண்டாம். அந்த உடம்பைத் திரும்பச் சொன்னால் திரும்பாது!

தையல்காரர் வீட்டுப் பிள்ளை என்று கூசுகிறாயா? ஃபேஷன் ஓவிய உலகத்தையே புரட்டிப்போட்ட அந்தோனியோ லோபஸ் 1943-ல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். அம்மா துணி தைத்தார். அப்பா கடைப் பொம்மை செய்தார். அம்மாவின் எம்பிராய்டரிக்குப் பூ வரைந்து கொடுத்த கைதான் அது. இங்கே நம் 'சில்பி' ஸ்ரீனிவாசன், ஆனந்த விகடனின் 'தென்னாட்டுச் செல்வங்க'ளுக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தார். அந்தச் சிலைகள் உனக்கு சைக்கிள் தூரத்தில் இருக்கின்றன!

உடம்பு நிற்கத் தொடங்கியதும் துணிக்கு வா. மறுபடி அர்த்தநாரியிடமே போ: ஒரே இடுப்பு, ஆண் பாதியில் தொடையோடு நிற்கும் ஆடை, பெண் பாதியில் கணுக்கால் வரை இறங்கும் ஆடை. இரண்டு ஆடைகளையும் தனித்தனித் தாளில், உடம்பு தெரியும்படி வரை. மடிப்பு தன்னிஷ்டத்துக்கு வராது. தோள், இடுப்பு, முட்டி என்று துணி எங்கே மாட்டி இழுபடுகிறதோ அங்கிருந்துதான் கிளம்பும். கல்லில் துணி உடம்போடு ஒட்டிக் கிடக்கும். தறியிலிருந்து அறுத்த புதுப் பட்டு அப்படிப் படியாது. மொடமொடவென்று விலகி நிற்கும், கொசுவத்தில் விரிந்து அடம்பிடிக்கும். அந்த அடத்தை உங்கள் பக்கத்து நெசவாளர் வீட்டில் தொட்டுப் பார்த்து வரை. நாளைக்குத் தரமணி நிஃப்ட் ஃபேஷன் கல்லூரியில் உன் பக்கத்தில் உட்காரப்போகும் சென்னைப் பிள்ளை அதை உன் நோட்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்!